தண்ணீர் குடிக்காத பொடியும் மூணாறுக்குப் போன சண்டையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மூணாறுக்குப் போனது தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து ரசிக்க இல்லை. சண்டை போடத்தான் போனேன். பையில் மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிலோ பொடி, ஒரு தண்ணீர் பாட்டில், வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வசவு, இவ்வளவுதான் என் மூட்டை. போன மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. "அந்த ஜெல் பொடி எங்கே கிடைக்கும், செய்கிற இடத்துக்கு எப்படிப் போவது?" என்று இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதில் எழுத இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: பாலக்காட்டு ஜில்லாவில் கோவிந்தாபுரம் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். தென்னை, மா, கமுகு, கொஞ்சம் காய்கறி நாற்று. கேரளா என்றதும் எப்போதும் மழை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை பங்குனியில் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். போர்வெல்லில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் அதிர்ஷ்டம். பையில் வைத்த நாற்றுக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினால் மறுநாள் தலை தொங்கிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற சித்தூரில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனபோதுதான் சுகந்தியைப் பார்த்தேன். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நான் பக்கத்துக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் டம்ளர் நிறைய ஜவ்வரிசிக் கஞ்சி போல உப்பி நின்றது. கவிழ்த்துக் காட்டினாள், ஒரு சொட்டு விழவில்லை. இதை மண்ணில் கலந்துவிட்டால் பாய்ச்சுகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் என்றாள். பிறகு மண்ணோடு மண்ணாக மக்கிவிடுமாம். கடையில் விற்கிற பிளாஸ்டிக் வகை ஜெல் அப்படி மக்காது.

எதில் செய்தாள் என்பதுதான் விஷயம். தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலிக்கும்போது காம்பும் நாருமாக ஒரு கழிவு மிஞ்சும். வேஸ்ட் என்றுதான் அங்கே சொல்வார்கள். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கறுப்புச் சாறு போகும்வரை அலசி, பெராக்சைடில் வெளுத்தால் வெள்ளைப் பஞ்சு மாதிரி செல்லுலோஸ் கிடைக்கும். பிறகு இன்னொரு மருந்து சேர்த்து அதைத் தண்ணீரில் கரைகிற பதத்துக்குக் கொண்டுவந்து, சிட்ரிக் அமிலம் கலந்து அடுப்பில் காயவைக்க வேண்டும். அந்த அமிலம்தான் இழைக்கு இழை முடிச்சுப் போடுகிறது. முடிச்சு சரியாக விழுந்தால் இழைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கும், விழாவிட்டால் ஒன்றும் தங்காது. இதை அவள் எனக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள்.

அவள் கொடுத்த பொடியை இருநூறு பைகளில் கலந்து பார்த்தேன். தினமும் தண்ணீர் கேட்ட நாற்று நாலு நாளைக்கு ஒரு தடவையோடு நின்றது. அப்புறம் நான் சும்மா இருப்பேனா? எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஆறு பேரைப் பிடித்து, காது புளிக்கிற அளவுக்குப் பேசி, இந்தக் கோடைக்கு எல்லோருமாகச் சேர்ந்து பெரிய ஆர்டர் கொடுக்க வைத்தேன். சுகந்தி எஸ்டேட்டில் மூடிக் கிடந்த பழைய குழந்தைகள் காப்பகத்தைக் கேட்டு வாங்கி, பெரிய பாத்திரம் வாங்கிப்போட்டு, மாசிக் கடைசியில் சரக்கு அனுப்பினாள். நாங்கள் எல்லோரும் கலந்தோம். தண்ணீர் பாய்ச்சினோம். பொடி ஆற்று மணல் மாதிரி அப்படியே கிடந்தது. பொடியை நம்பித் தண்ணீரைக் குறைத்ததில் பங்குனி வெயிலில் ஏழு பண்ணையிலும் நாற்று கருகியது. என்னுடைய கமுகில் பாதி போயிற்று. மற்றவர்கள் என்னை என்ன சொன்னார்கள் என்பதை எழுதினால் இந்தப் பக்கத்தை நீங்கள் வீட்டில் திறக்க முடியாது.

சுகந்தி போனில் "தெரியலக்கா, பாத்துட்டு இருக்கேன்க்கா" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. சித்திரையில் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அதனால்தான் கிளம்பினேன்.

காலை 5.40க்குக் கோவிந்தாபுரத்தில் பொள்ளாச்சி பஸ். எனக்கு 22 ரூபாய் டிக்கெட், 50 நிமிஷம். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை 28 கிலோமீட்டர், கால் மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. உடுமலையில் மூணாறு பஸ் எட்டு மணிக்கு. பாலக்காட்டு ஜில்லாவிலிருந்து இடுக்கி ஜில்லாவுக்குப் போகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளாவில் ஏற வேண்டும். எங்களுக்கு இது பழகிவிட்டது. இட்லி சாப்பிடுவதானால் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சாப்பிடுங்கள், உள்ளே வேண்டாம். பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள், யானை தெரியுமாம். நான் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். தெரிந்தது காய்ந்த முள்மரமும் அதன்மேல் மாட்டிய சிப்ஸ் பாக்கெட்டும்தான்.

ஒன்பதாறு என்கிற இடத்தில் தமிழ்நாட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, காட்டுக்குள் போய், சின்னாறு வரும்போது ஒன்பதே கால். அங்கே ஏறிய சோதனை அதிகாரி என் பையைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. அடுப்பில் காய்ந்து பழுப்பேறிய இரண்டு கிலோ பொடியை ஒரு பெண் தனியாகக் கொண்டுபோனால் யாருக்கும் மாறத்தான் செய்யும்.

"சேச்சி, இது என்ன பொடி?"

"தண்ணி உறிஞ்சற பொடிங்க. நாத்துக்குப் போடறது."

"காணிக்கு," காட்டு என்றார்.

பாட்டில் மூடியில் கொஞ்சம் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. பொடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உறிஞ்சுனில்லல்லோ," என்றார் அவர்.

"அதைத்தானுங்க கேக்கப் போயிட்டிருக்கறன்," என்றேன். எனக்கு வந்த கோபத்தில் குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. மோந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார், கடைசியில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறையூர் பத்து மணிக்கு. அங்கிருந்து மூணாறு 40 கிலோமீட்டர்தான், மே மாதத்தில் அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு, தேயிலைச் செடிக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் செடியை வளர்க்கிறவர்கள் ஓரத்தில் மூட்டையோடு ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்கள். மூணாறில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. உடுமலையிலிருந்து டிக்கெட் 118 ரூபாய் ஆயிற்று.

எஸ்டேட்டுக்கு 14 கிலோமீட்டர். ஜீப் ஸ்டாண்டில் உங்கள் தொப்பியைப் பார்த்து ஆயிரத்து ஐந்நூறு கேட்பார்கள். கொஞ்சம் தள்ளி மார்க்கெட் பக்கம் நின்றால் எஸ்டேட் ஆட்கள் போகும் ஜீப் வரும், ஆளுக்கு 60 ரூபாய். டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. யார் வீட்டுக்கு என்று கேட்டார். சுகந்தியின் பெயரைச் சொன்னேன்.

"நம்ம பேச்சியம்மா வீடா? அந்தக்கா இந்த மாசத்தோட ரிட்டயர்டுல்லா. நல்லவேள, மக பேர் பதிஞ்சிருச்சு. வீடு தப்பிச்சுது."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வீடு கம்பெனியுடையது. வேலையில் ஆள் இருக்கிறவரைக்கும்தான் குடியிருக்கலாம். பேச்சியம்மாள் ஓய்வு பெற்றதும் வீட்டில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை, வேறு பிள்ளையும் இல்லை.

"அது வேதியியல் படிச்ச புள்ளையாச்சுங்களே," என்றேன்.

"இங்க கொழுந்து எடுக்குறதுல எத்தன பேர் டிகிரி தெரியுமாக்கா? அந்தப் புள்ள ஏதோ பொடி செஞ்சு பொழச்சுக்கும், மறையூர்ல வாடகைக்கு வீடு பாக்குதுன்னாங்க. அந்தப் பொடி எடுபடலயாம்." வண்டியை அடுத்த கியருக்கு மாற்றினார். அவர் சொன்ன அந்தப் பொடி என் மடியில் இருந்தது. நான் திட்டமிட்டு வைத்திருந்த வசவில் பாதி அங்கேயே போய்விட்டது. ஆனால் மீதி இருந்தது.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடும்பம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சுகந்தி கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்றாள். இந்த இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது அவளுக்கு.

உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். "ஏங்கண்ணு, போனை எடுக்காம இருந்தா ஆச்சா? ஏழு பண்ணை. நீ என்ன செஞ்சு அனுப்பிச்சியோ எங்களுக்குத் தெரியாது, ஆனா பதில் சொல்லோணுமில்ல?"

"என்ன பதில் சொல்லக்கா? எனக்கே தெரியல." மேசைக்கு அடியிலிருந்து நிறைய டப்பாக்களை எடுத்து வைத்தாள். மிச்சமிருந்த நாரில் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்திருக்கிறாள். சிட்ரிக் அமிலம் கலப்படமோ என்று வேறு கடையில் வாங்கினாள். அடுப்புச் சூடு போதவில்லையோ என்று கூட்டினாள். ஓடைத் தண்ணீரை விட்டு மழைத் தண்ணீரில் அலசினாள். "இந்த ஆர்டருக்கு முதல் மூட்டையில செஞ்சத ஊற வச்சுப் பாத்தேன்க்கா, நல்லா உப்புச்சு. மிச்சமும் அதே வேஸ்ட்டு, அதே கை. அந்த நம்பிக்கையிலதான் அனுப்பினேன். எங்கயோ எனக்குச் செய்யத் தெரியல போல. படிச்சது அவ்வளவுதான்."

"மறுபடியும் புது நாருல செஞ்சு பார்க்கலாமில்ல?"

"சரக்கு தோத்துப் போச்சுன்னு தெரிஞ்சதும் மேனேஜர் வேஸ்ட்டு குடுக்குறத நிறுத்திட்டாரு."

அந்த நேரத்தில் பேச்சியம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். சின்ன உருவம். தொழிற்சாலையில் அந்த வேஸ்ட்டைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுகிற வேலை அவருக்கு. நான் யார் என்று மகள் சொன்னதும் முகம் சுருங்கியது. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க புள்ளையைக் குத்தம் சொல்லலீங்கம்மா. நீங்க கட்டுன மூட்டையிலதான் ஏதோ குப்பை, மண்ணு சேந்திருக்குமோன்னு பாக்கறனுங்க," என்றேன்.

அவ்வளவுதான், அந்தம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"என் கை வேலயிலயா குத்தம் சொல்லுதீக? முப்பது வருசமா வேஸ்ட்டு கட்டுதேன். ஒரு மூட்ட, ஒரே ஒரு மூட்ட சுண்ணாம்பு கலக்காம அந்த கேட்டத் தாண்டிருக்கா? போய்க் கேட்டுப் பாருங்க!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலை வேஸ்ட்டை அப்படியே வெளியே விட்டால், அதற்குச் சாயம் போட்டு டீத்தூள் என்று விற்றுவிடுவார்கள். அதனால் உரத்துக்குப் போகிற வேஸ்ட்டில் சுண்ணாம்பு, சாணி, யூரியா என்று ஏதாவது கலந்து, குடிக்க முடியாமல் கெடுத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். சுகந்தியின் வேலைக்கு மட்டும் கலக்காமல் கொடுக்க மேனேஜர் அனுமதி வாங்கியிருந்தார். பேச்சியம்மாளிடம் நேரிலும் சொல்லியிருந்தார்.

சுகந்தி மெதுவாகக் கேட்டாள். "எம்மா, எனக்கு வந்த மூட்டைக்குக் கலக்க வேணாம்னு சொன்னாங்கல்ல?"

"சொல்லுவாரு. இன்னைக்கு இந்த மேனேஜர், நாளைக்கு வேற ஆளு. கலக்காத வேஸ்ட்டு ரோட்டுல போனா அது திருட்டு வேஸ்ட்டு. எவனாவது மூட்டயப் பிரிச்சுப் பாத்தான்னா என்ன சொல்லுவான்? பேச்சியம்மா மக திருடின்னு சொல்லுவான். முதல் மூட்ட நீயே அள்ளிட்டுப் போயிட்ட. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு உறக்கம் இல்ல. அதுக்கு அப்புறம் ஒண்ணையும் விடல. கட்டி இல்லாம நைசாக் கரச்சு, ஊத்தி, காய வச்சுக் கட்டினேன். உனக்கும் தொந்தரவு இல்லாம, பாக்குறவன் கேட்டாலும் பதில் இருக்குற மாதிரி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல. அவர் பார்வையில் பெருமை இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

எனக்கே புரிந்துவிட்டது, படித்தவளுக்குப் புரியாதா? நாருக்கு நார் முடிச்சுப் போட வேண்டிய அமிலம் எல்லாம் அலசியும் போகாத சுண்ணாம்பைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழைக்கு எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு மாதமாகத் தன் படிப்பையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"எம்மா, அக்காவுக்கு ஒரு கட்டஞ்சாயா போடு. தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

அந்தம்மா உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாள். "சொல்லிராதீங்கக்கா."

"ஏன் கண்ணு? காரணம் தெரிஞ்சுபோச்சு. மறுபடியும் செய்யலாம். மேனேஜர்கிட்டச் சொல்லு."

"என்னன்னு சொல்ல? எங்கம்மா நீங்க சொன்னதக் கேக்கலன்னு அவருகிட்டப் போய்ச் சொல்லவா? ரிட்டயர்டு ஆக இன்னும் மூணு வாரம்கூட இல்ல. கிராஜுவிட்டிப் பணம் வரணும். அது கெடக்கட்டும்க்கா. இந்த ஒரு வேலயத்தான் அம்மா வாழ்நாள் பூராவும் தப்பில்லாம செஞ்சேன்னு நினைச்சுட்டு இருக்கு. உன்னாலதான்னு சொல்லி வீட்டுல உக்கார வைக்கவா?"

நான் விடவில்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்தால் வைக்கோல் கிடக்கிறது, வாழை மட்டை அழுகுகிறது, அதிலும் இதே செல்லுலோஸ்தானே, என் பண்ணையில் இடம் தருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது.

"அங்க வந்து மறுபடியும் தோத்தா எங்க திரும்பிப் போக? வீட்ட விட்டுட்டா விட்டதுதான். பேர் பதிஞ்சாச்சுக்கா. ஒண்ணாந்தேதி கொழுந்துக்குப் போறேன்."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்று வைத்தவன்மேல் வந்தது. ஒரு தடவை தோற்றதும் கையை விரித்துவிட்ட மேனேஜர்மேல் வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட மறந்துவிட்டு "அந்த மோசடிக்காரி" என்று பேசுகிற எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்கள்மேல் வந்தது. திருடி என்ற ஒரு சொல்லுக்கு ஒரு தாய் அவ்வளவு பயப்படும்படி முப்பது வருஷம் தினமும் வேலை முடிந்து போகும்போது அவள் பையைச் சோதித்துச் சோதித்து அனுப்பிய அந்தக் கேட்டின்மேல் அதிகமாக வந்தது. டீ வந்தது, குடித்தேன். நல்ல டீ. அதுவும் கசந்தது.

கிளம்பும்போது பேச்சியம்மாள் வாசல்வரை வந்தார். கோபம் ஆறவில்லை.

"எம்புள்ள நல்ல சரக்குதான் செஞ்சா. உங்க ஊர்க்காரகளுக்கு அத வச்சுப் பாக்கத் தெரியல. நீங்க ஒழுங்கா வாங்கியிருந்தா எம்மக கூடை தூக்க வேண்டியதில்ல. படிக்க வச்ச புள்ள. உங்களாலதான்."

சுகந்தி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், பிறகு அந்தம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாங்கம்மா," என்றேன். "எங்க தப்புதானுங்க."

மூன்றேகால் மணிக்கு மூணாறில் உடுமலை பஸ் கிடைத்தது. பொடியை மறையூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். சின்னாறில் மறுபடி யாராவது சிரித்தால் கையை நீட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது. கொட்டவில்லை. வீட்டுக்கு வந்து எருக்குழியில் போட்டேன். பண்ணைக்காரர்களிடம், தவறு பொடி செய்தவளுடையது இல்லை, நாரில் சுண்ணாம்பு கலந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "இதெல்லாம் கதைங்க," என்றார்கள்.

இதை எழுதலாமா என்று சுகந்தியிடம் கேட்டேன். வேறு யாராவது இந்தத் தொழிலில் இறங்கினால் இதே குழியில் விழக் கூடாது, எழுதுங்கள் என்றாள். அவள் பெயரையும் அம்மா பெயரையும் மாற்றியிருக்கிறேன், எஸ்டேட் பெயரைச் சொல்லவில்லை. அந்தம்மா போனில் பாட்டு மட்டும்தான் கேட்பார். ஓய்வு பெற்று, பணமும் கைக்கு வந்த பிறகே வெளியிடுகிறேன்.

இனி போகிறவர்களுக்கு. செல்லுலோஸ் ஜெல் செய்ய நினைத்தால் எந்தக் கழிவானாலும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மூட்டையைப் பார்த்துவிட்டு மற்றதை நம்பாதீர்கள். மே மாதத்தில் மூணாறுக்குப் போகாதீர்கள், போனால் எட்டு மணி பஸ்ஸை விடாதீர்கள். போக வர எனக்கு ஆன பஸ், ஜீப் செலவு 460 ரூபாய். அந்தப் பொடி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பழைய பாக்கெட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது, தேடிப்போகிறவர்கள் போகத்தான் செய்வீர்கள். பகலில் போனால் அவள் மலையில் இருப்பாள், வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பார். சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் என்று தெரிந்தால் கட்டாயம் திட்டுவார். உங்களால்தான் என் மகள் கூடை தூக்குகிறாள் என்பார். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். தலையைக் குனிந்து, ஆமாங்கம்மா, எங்கள் தப்புதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.